ஷூவில் வரைந்த பெயிண்ட் உரிகிறதா, வெடிக்கிறதா, பரவுகிறதா? இன்னொரு கோட் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய வெறும் ஷூவில் விழாவுக்கென்று பூவும் நட்சத்திரமும் புள்ளியுமாக வரைவது ஒரு சாயங்கால வேலைதான். வரைந்தது சில நாளில் கெட்டுப்போய், "இதை எப்படியாவது சரி பண்ணிக் கொடு" என்று கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். அப்படி வருகிற ஷூக்களில் பாதிக்கு மேல் ஒரே கதை: கெட்ட இடத்தின் மேலேயே இன்னொரு கோட் அடித்திருப்பார்கள். அடியில் பிடிக்காத பெயிண்டின் மேல் எத்தனை கோட் அடித்தாலும் அத்தனையும் சேர்ந்துதான் உரியும், முன்பைவிடப் பெரிய துண்டாக உரியும். அதனால் பிரஷை எடுக்காமல், உங்கள் ஷூவில் தெரிகிற அறிகுறி எது என்று கீழே தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஷூ என்ன பொருள் என்று தெரிய வேண்டும். கேன்வாஸ், தோல், ரெக்சின், ஓட்டை ஓட்டையான வலைத்துணி என்று நான்கு வகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ரெக்சினா தோலா என்று குழப்பமாக இருந்தால் நாக்குப் பகுதியின் (லேஸுக்கு அடியில் இருக்கிற பட்டை) வெட்டு விளிம்பைப் பாருங்கள்: அடியில் நெய்த துணியும் மேலே பிளாஸ்டிக் படலமும் தெரிந்தால் ரெக்சின், முழுக்க ஒரே நாராக இருந்தால் தோல்.

அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர். வரையாத இடத்தில் விட்டுப் பாருங்கள். கேன்வாஸ் அதை உடனே குடித்துவிட வேண்டும். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது, ஷூ வாங்கியபோதே இருந்ததாகவும் இருக்கலாம், யாரோ அடித்த நீர் புகா ஸ்பிரேயாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, ஷூவின் வயது. முன்பக்கத்தைக் கையால் நன்றாக வளைத்துப் பாருங்கள். ரெக்சினின் மேல்தோலே செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ, அடிப்பாகம் பொடியாக உதிர்ந்தாலோ அது பெயிண்ட் பிரச்சினையே இல்லை. பாலியூரித்தேன் என்ற பொருள் காற்றிலுள்ள ஈரத்தால் வருடக் கணக்கில் மெல்ல மெல்லச் சிதைந்துபோகும். போடாமல் அலமாரியில் வைத்திருந்த ஷூவுக்கும் இது நடக்கும். மேல்தோல் உதிர்கிற ஷூவில் வரையவே வேண்டாம், வேறு ஜோடி எடுங்கள்.

## பெயிண்ட் படலம் படலமாக உரிந்து வருகிறது

உரிந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும்.

### பின்பக்கம் சுத்தமாக, வழவழவென்று இருந்தால்

பெயிண்ட் ஷூவைப் பிடிக்கவே இல்லை. காரணங்கள் வரிசையாக:

அழுக்கும் பாலிஷும். தோல் ஷூவில் அடித்த பழைய பாலிஷின் மெழுகு மேலே இருந்தால் எந்த பெயிண்டும் நிற்காது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் சர்ஜிகல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தேயுங்கள். துணியில் கறுப்போ பழுப்போ வந்தால் இதுதான் காரணம். துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். கேன்வாஸ் என்றால் சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும், ஆனால் சோப்பு முழுக்கப் போகும்வரை அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நாக்குக்குக் கீழேயும் ஓரத் தையலிலும் ஈரம் ஒளிந்திருக்கும்.

கம்பெனி பூச்சு. தோல் ஷூவைப் பளபளப்பாக்க மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள், அதை எடுக்காமல் வரைந்தால் உரியத்தான் செய்யும். நிஜத் தோலாக இருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் லேசாக, ஒரே இடத்தில் நிறுத்தாமல் துடையுங்கள். பளபளப்பு போய் மங்கினால் போதும், சாயமே பஞ்சில் வரும்வரை தேய்க்க வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ரெக்சினுக்கும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஷூவுக்கும் அசிட்டோன் ஆகாது, மேல்படலம் கரைந்து குழகுழவென்று ஆகிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரிலும் பெரும்பாலும் அசிட்டோன்தான். ரெக்சினுக்கு 400 அல்லது 600 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் உரசி, பொடியைத் துடைத்துவிட்டு வரையுங்கள்.

பெயிண்ட் வகை. போஸ்டர் கலர், சுவர் பெயிண்ட், எனாமல் எல்லாம் ஷூவுக்கு உதவாது. கேன்வாஸுக்கு ஃபேப்ரிக் பெயிண்ட், அல்லது அக்ரிலிக்கில் ஃபேப்ரிக் மீடியம் (காய்ந்த பிறகு விறைக்காமல் துணியோடு வளையவைக்கும் நிறமில்லாத திரவம்) கலந்தது. தோலுக்கும் ரெக்சினுக்கும் தோலுக்கென்றே விற்கும் அக்ரிலிக். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் வேலை இரண்டு மடங்காகும்.

### பின்பக்கம் இன்னொரு நிறம் ஒட்டியிருந்தால், அல்லது மேல் நிறம் மட்டும் உரிந்து அடி நிறம் அப்படியே இருந்தால்

இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் கோளாறு. அடிக்கோட் காய்வதற்குள் மேலே அடித்திருக்கலாம், அல்லது நடுவில் கை எண்ணெய் பட்டிருக்கலாம். உரிகிற நிறத்தை முழுக்க எடுத்துவிட்டு, அடிக்கோட்டை ஒரு நாள் காயவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே ஒரு முறை ஒற்றி (தேய்த்தால் அடிக்கோட்டும் போய்விடும்) திரும்ப அடியுங்கள்.

### பின்பக்கம் ஷூவின் தோலே ஒட்டிக்கொண்டு வந்தால்

மேலே சொன்ன வயதுக் கோளாறுதான். நிறுத்திக்கொள்ளுங்கள்.

### ஓர ரப்பரில் மட்டும் உரிந்தால்

ரப்பர் ஒவ்வொரு அடிக்கும் வளைகிறது, உரசுகிறது, தரையில் இடிக்கிறது. அங்கே அக்ரிலிக் நிரந்தரமாக நிற்காது. ஒரு நாள் விழாவுக்கு என்றால் உப்புத்தாளால் உரசி, ஸ்பிரிட்டால் துடைத்து, பெயிண்ட் மார்க்கரால் சின்னப் புள்ளிகள் வையுங்கள். புள்ளி போனால் திரும்ப வைத்துக்கொள்ளலாம், பட்டை போனால் அசிங்கமாகத் தெரியும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க: திருத்திய இடம் ஒரு நாள் காய்ந்த பிறகு சாதாரண செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்பில் நிறம் வந்தால் இன்னும் பிடிக்கவில்லை. முழு ஷூவும் வரைவதற்கு முன்னாலேயே நாக்கின் உட்புறம் ஒரு விரல் அகலத்துக்கு வரைந்து இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் உரிகிற தொல்லை அநேகமாக வரவே வராது.

தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய இடம்: விலையுயர்ந்த தோல் ஷூ, பூச்சை எடுக்கும்போது தோல் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது என்றால் தோலுக்குச் சாயம் ஏற்றித் தருகிறவரிடம் கொண்டுபோங்கள். மேலே மேலே துடைத்தால் அவருக்கும் வேலை கடினமாகும். ஸ்வேட், அதாவது மொசமொசவென்று முடி நிற்கிற தோல், கெட்டால் வீட்டில் எதுவும் முயலாதீர்கள்.

## மடியும் இடத்தில் மட்டும் வெடிப்பு

விரலுக்கு மேலே ஷூ மடிகிற அந்த ஒரு பட்டையில்தான் இது வரும். மற்ற இடம் புதுசு மாதிரி இருக்கும்.

வெடிப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு நகத்தில் தட்டினால் பெயிண்ட் தடிமன் அதிகம், நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். குழாயிலிருந்து பிதுக்கி ஒரே கோட்டில் மூடியிருப்பார்கள். உப்புத்தாளால் அந்தப் பட்டையை மட்டும் தேய்த்து இறக்கி, அடியில் துணி நெசவு தெரிகிற அளவுக்கு வந்ததும் மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது விட்டு.

நகத்தில் தட்டவில்லை, கோட் மெல்லியதுதான், ஆனாலும் கோடு கோடாக வெடிக்கிறது என்றால் மீடியம் கலக்காத வெறும் அக்ரிலிக்காக இருக்கும். சாதாரண அக்ரிலிக் கேன்வாஸில் காய்ந்தால் விறைப்பாகிவிடும். ஃபேப்ரிக் மீடியம் பாட்டிலில் போட்டிருக்கிற விகிதத்தில் கலந்து அந்த இடத்தைத் திரும்ப வரையுங்கள். விகிதம் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும் என்பதால் யாரோ சொன்ன கணக்கை நம்ப வேண்டாம்.

இன்னும் ஒன்று, பலரும் யோசிக்காதது: வரையும்போது ஷூவுக்குள் எதுவும் அடைக்காமல் தொளதொளவென்று வைத்து வரைந்தால் பெயிண்ட் அந்தச் சுருக்கத்தோடேயே காயும். காலை நுழைத்ததும் சுருக்கம் விரியும், பெயிண்ட் பிளக்கும். காகிதத்தைக் கசக்கி, கால் உள்ளே இருக்கிற மாதிரி இறுக்கமாக அடைத்துவிட்டுத்தான் வரைய வேண்டும்.

குளிர்ந்த இடத்தில் வரைந்ததும் காரணமாகலாம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அக்ரிலிக் ஒழுங்கான படலமாகச் சேராது, பொடிப்பொடியாகவோ வெடித்தோ காயும். இந்த வகையில் வெடிப்பு மடிப்பில் மட்டும் இல்லாமல் எல்லா இடத்திலும் இருக்கும், அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

எதுவும் உதவவில்லையா, சரி, டிசைனையே மாற்றுங்கள். மடிப்புப் பட்டையில் நிறம் நிரப்பிய பெரிய பூ வேண்டாம், சிதறிய சின்னப் புள்ளிகளும் இலைகளும் போதும். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வைத்தியம், ஏனென்றால் புள்ளிக்கு நடுவே துணி தன் போக்கில் மடிந்துகொள்ளும்.

ஷூவின் தோலே மடிப்பில் பிளந்திருந்தால் பெயிண்டால் மூட முடியாது. செருப்பு தைப்பவரிடம் கொடுத்து உள்ளே ஒட்டுப் போட்டுத் தைத்த பிறகு வரையுங்கள்.

## கோடு பரவுகிறது, விளிம்பு மயிர் மயிராகக் கசிகிறது

### வரைந்த உடனே பரவினால்

பெயிண்டில் தண்ணீர் அதிகம், அல்லது பிரஷில். கேன்வாஸ் நூல் வழியே தண்ணீர் நிறத்தையும் இழுத்துக்கொண்டு ஓடும். பிரஷைக் கழுவியதும் துணியில் நன்றாக ஒற்றிவிட்டுத் தொடுங்கள், நிறத்தை இளக்க வேண்டுமானால் தண்ணீருக்குப் பதில் மீடியம் சேருங்கள். துணியே ஈரமாக இருந்தாலும் இதேதான் நடக்கும், தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாஸ்கிங் டேப் ஒட்டியும் அடியில் கசிந்தது என்றால், கேன்வாஸின் மேடு பள்ளத்தில் டேப் முழுக்கப் படியாது, அவ்வளவுதான். டேப்பின் விளிம்பில் முதலில் அடிநிறத்தையோ நிறமில்லாத மீடியத்தையோ மெல்லிசாக ஓட்டிக் காயவிட்டால் இடைவெளி அடைபடும், அப்புறம் வேண்டிய நிறம். டேப்பை பெயிண்ட் முழுக்கக் காய்வதற்கு முன், இன்னும் லேசாக ஈரம் இருக்கும்போதே எடுங்கள்.

### காய்ந்தபோது நன்றாக இருந்து, மேலே வார்னிஷோ ஸ்பிரேயோ அடித்ததும் பரவினால்

அது மார்க்கர். அழியாத மார்க்கர் என்று விற்பதில் பெரும்பாலும் ஆல்கஹால் மை, அது தண்ணீருக்கு அழியாது, ஆனால் கரைப்பான் கலந்த எதைக் கண்டாலும் இளகி ஓடும். கறுப்புக் கோட்டைச் சுற்றி ஊதா நிழல் படர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. அந்த நிழல் இடத்தை அடர்த்தியான வெள்ளை அக்ரிலிக்கால் மூடிப் பாருங்கள், அடியிலிருந்து மை மேலே ஏறினால் அதே இடத்தில் அடர் நிறத்தில் ஒரு இலையோ பூவோ வைத்து மறைப்பதே புத்திசாலித்தனம். அடுத்த முறை வெளிக்கோட்டுக்கு அக்ரிலிக் பெயிண்ட் மார்க்கர், அது இல்லையென்றால் மெல்லிய பிரஷ்.

### சில நாள் கழித்து, நனைந்தபோது பரவினால்

கீழே "நனைந்தால் கரைகிறது" பகுதிக்குப் போங்கள்.

## காய்ந்த பிறகும் பிசுபிசுப்பு

விரலை வைத்தால் ஒட்டுகிறது, இரண்டு ஷூவையும் சேர்த்து வைத்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது.

தடிமனான கோட்டாக இருந்தால் இன்னும் காயவில்லை, அவ்வளவே. அக்ரிலிக் தொட்டால் ஒட்டாத நிலைக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடும், உள்ளே முழுக்க இறுக நாட்கள் ஆகும். ஈரக்காற்று அடிக்கிற நாளில் இன்னும் கூடுதலாகும். மின்விசிறிக் காற்றில் தனித்தனியாக வைத்துவிட்டுப் பொறுத்திருங்கள், மேலே மேலே தொட்டுப் பார்த்தால் கைரேகைதான் மிச்சமாகும்.

மேல்பூச்சாக வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலக்கி அடித்திருந்தால் பிசுபிசுப்பு போகாது, ஈரம் பட்டால் திரும்பவும் இளகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியை வைத்து அந்தப் பசையை ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் வார்னிஷோ, தோலென்றால் தோலுக்கான மேல்பூச்சோ மெல்லிசாகக் கொடுங்கள். கேன்வாஸுக்கு, சூடு கொடுத்து நிலைநிறுத்திய ஃபேப்ரிக் பெயிண்ட் என்றால், மேல்பூச்சே தேவையில்லை என்பது என் கருத்து. அது துணியை விறைப்பாக்கி வெடிப்பைத்தான் கொண்டுவரும்.

வாரக்கணக்கில் ஆகியும், மெல்லிய கோட்தான், பசையும் இல்லை, ஆனாலும் ஒட்டுகிறது என்றால் ஷூ பி.வி.சி. ரெக்சினாக இருக்கலாம். அதை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேலே வந்து பெயிண்டை இளக்கிக்கொண்டே இருக்கும். எதை அடித்தாலும் தீராது. பெயிண்டை எடுத்துவிட்டு, துணியில் வரைந்து வெட்டிய வடிவங்களை ஓரத்தில் தைக்கச் சொல்லிச் செருப்பு தைப்பவரிடம் கொடுக்கலாம்.

## நிறம் ஏறவில்லை, திட்டுத் திட்டாகத் தெரிகிறது

கறுப்பு அல்லது நீல ஷூவில் மஞ்சளும் சிவப்பும் வரைந்தால் மங்கித்தான் தெரியும், அந்த நிறமிகள் பலவும் ஒளி ஊடுருவுகிறவை. டிசைன் வடிவத்துக்கு மட்டும் வெள்ளை அடிக்கோட் இரண்டு கொடுத்துக் காயவிட்டு, மேலே நிறம். வெள்ளை ஷூவிலேயே திட்டாக இருந்தால் பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றியிருப்பீர்கள், அல்லது பாதி காய்ந்த இடத்தில் பிரஷை இழுத்திருப்பீர்கள்.

## நனைந்தால் கரைகிறது

ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். நிறம் தாராளமாக வந்தால் அது வாட்டர் கலர் அல்லது போஸ்டர் கலர், கழுவிவிட்டுப் புதிதாக வரைவதுதான் வழி. லேசாக மட்டும் வந்தால் ஃபேப்ரிக் பெயிண்ட்தான், சூடு கொடுக்கவில்லை.

சூடு கொடுக்கும் முறை: ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு, ஷூவுக்குள் துணியை இறுக்கி அடைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, நீராவி இல்லாமல் அயர்ன் பாக்ஸின் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். எவ்வளவு நேரம் என்பது பாட்டிலில் இருக்கும், பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அயர்ன் பாக்ஸ் எட்டாத வளைவுக்கு ஹேர் டிரையர், நகர்த்திக்கொண்டே. சோல் ஒட்டியிருக்கிற ஓரத்துக்குச் சூட்டைக் கொண்டுபோகாதீர்கள், பசை இளகி சோல் வாயைத் திறக்கும், அப்புறம் செருப்பு தைப்பவரிடம்தான் போக வேண்டும். வலைத்துணியும் ரெக்சினும் அயர்ன் சூட்டில் உருகும்.

நிலைத்த பிறகும் ஷூவை வாஷிங் மெஷினில் போட வேண்டாம். ஈரத் துணி, லேசான சோப்பு, அது போதும்.

## வெள்ளைப் பகுதி மஞ்சளாகிவிட்டது

துவைத்துக் காயவைத்ததும் மஞ்சள் வளையமாக வந்தால் அது சோப்பின் மிச்சம், காயும்போது தண்ணீரோடு மேலே ஏறி அங்கே தங்கிவிடுகிறது. நல்ல தண்ணீரில் திரும்ப நனைத்து, வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஷூ முழுக்க ஒட்டினாற்போல் சுற்றி நிழலில் காயவையுங்கள், மஞ்சள் காகிதத்துக்குப் போய்விடும். பிளீச்சிங் மட்டும் வேண்டாம், மஞ்சளை இன்னும் கூட்டும், பக்கத்து நிறத்தையும் வெளுக்கும்.

மேல்பூச்சு அடித்த இடம் மட்டும் மஞ்சளாகியிருந்தால் அது எண்ணெய் வார்னிஷ் அல்லது அரக்கு வகை ஸ்பிரே. துடைத்துப் பயனில்லை. அந்த இடத்தில் வெள்ளை திரும்ப வரைய வேண்டும், அல்லது மஞ்சளோடு சேர்ந்துபோகிற நிறத்துக்கு டிசைனை மாற்ற வேண்டும்.

## ஜிகினா கொட்டிக்கொண்டே இருக்கிறது

ஈர பெயிண்டின் மேல் தூவியதில் பாதி பிடிக்காது. காய்ந்ததும் உலர்ந்த பிரஷால் தட்டி உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிட்டு, மீதியின் மேல் தோலுக்கான மேல்பூச்சோ ஃபேப்ரிக் மீடியமோ மெல்லிசாக இரண்டு கோட். முழுக்க நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சின்னக் குழந்தையின் ஷூ என்றால் தூளாகத் தூவுவதே வேண்டாம், கையில் ஒட்டுகிற தூள் கண்ணுக்கும் போகும். பெயிண்டிலேயே கலந்து விற்கிற ஜிகினா வகை இதற்கு எவ்வளவோ மேல்.

## இரண்டு ஷூவும் ஒரே மாதிரி இல்லை, அல்லது வரைந்ததே பிடிக்கவில்லை

முதலாவதற்கு: ஒரு ஷூவின் டிசைனைத் தாளில் படியெடுத்து, அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு அடுத்த ஷூவில் பென்சிலால் குறியுங்கள். வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள், நடக்கிற காலை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

அழிக்கத்தான் வேண்டும் என்றால், ஈரமாக இருக்கும்போது தண்ணீரும் பஞ்சும் போதும். காய்ந்துவிட்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள், நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறை பரவும். தோலிலும் ரெக்சினிலும் மறைவான இடத்தில் முதலில் தொட்டுப் பாருங்கள். கேன்வாஸில் நூலுக்குள் இறங்கிய நிறம் முழுக்கப் போகாது, வெளிர் கறையாக நிற்கும். அந்தக் கறையை விடக் கொஞ்சம் பெரிதாக, அடர்ந்த நிறத்தில் ஒரு பூவைத் திட்டமிட்டுக்கொண்டு அதன் மேல் வரையுங்கள். அங்கே மட்டும் இன்னொரு கோட் அடிப்பதில் தப்பில்லை, டேப் சோதனையில் அடியிலிருப்பது நின்றிருந்தால்.